எடையைப் பற்றி யார் முதலில் பேசுவது?

இந்தியாவில் ஆரம்ப சிகிச்சை தரும் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளியான ஆய்வு இப்படிக் கணக்குச் சொன்னது. சுவீடனில் அதே சந்திப்பு 22 நிமிடத்தைத் தாண்டுகிறது. வங்கதேசத்தில் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாற்றிலிருந்தோ மோதிரமலையிலிருந்தோ பஸ் பிடித்துப் பேச்சிப்பாறைக்கு இறங்கி வருகிறவருக்கும் அதே இரண்டு நிமிடக் கணக்குதான். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனால் பிரஷர், சுகர், முட்டுவலி, மாத்திரை எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அவர் எழுந்திருக்கும்போது கடைசியாக ஒரு வாக்கியம் வரும்: “வெயிட்டைக் குறைக்கணும்மா.” “சரி டாக்டரே.” அவ்வளவுதான்.

இந்த உரையாடலில் ஒரு கேள்விகூட இல்லை. எவ்வளவு குறைக்க வேண்டும், எதனால் கூடியது, முன்பு முயன்றதுண்டா, வீட்டில் சமைப்பது யார், இதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. வந்தவரும் கேட்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதும்போது அளவும் வேளையும் சொல்கிற மருத்துவம், எடை என்று வரும்போது மட்டும் அறிவுரையோடு நின்றுவிடுகிறது. எடை பற்றிய பேச்சையும் சிகிச்சையாகவே எண்ணி, முறை வைத்து, ஆள் வைத்துச் செய்தாக வேண்டிய கட்டத்துக்குத் தமிழ்நாடு வந்துவிட்டது.

எண்களைப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2-லிருந்து 37 ஆனது. அகில இந்திய அளவில் பெண்கள் 24, ஆண்கள் 22.9 விழுக்காடுதான். அதே ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே இருந்தார்கள். சத்துக்குறைவும் எடை மிகுதியும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றன; சில நேரம் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக இருக்கின்றன. ரப்பர் தோட்டமும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பும் கடைத்தெருவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பேச்சிப்பாறை போன்ற ஊரில் எல்லாருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மேலே சொன்ன அதிக எடைக் கணக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடான பி.எம்.ஐ. 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்தியர்களுக்கு அந்த எல்லை தாமதமானது என்று மருத்துவர்கள் நீண்ட நாளாகச் சொல்லிவருகிறார்கள். 2009-இல் வெளியான இந்திய மருத்துவர்களின் ஒருமித்த பரிந்துரை, 23-லேயே அதிக எடை தொடங்குகிறது, 25 என்றால் உடல்பருமன் என்றது. வயிற்றுச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என எல்லை வைத்தது. காரணம் எளிது. 2004-இல் ‘லான்செட்’ இதழில் புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரு அறிஞர்கள் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடலிலிருந்த கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் நம்மவர் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமந்து திரியலாம் என்பதை அந்த ஒரு படம் விளக்கிவிட்டது. ஆகவே, “நல்லாத்தானே இருக்கேன்” என்பவரிடமும் பேச வேண்டியிருக்கிறது; பார்த்ததும் தெரிகிறவரிடம் மட்டும் பேசினால் போதாது.

ஆனால் இரு தரப்புமே பேசத் தயங்குகிறது. ஆஸ்திரேலியா, ஜப்பான், மெக்சிகோ, பிரிட்டன் உள்ளிட்ட 11 நாடுகளில் உடல்பருமன் உள்ள 14,502 பேரையும் மருத்துவத் துறையினர் 2,785 பேரையும் கேட்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. இதற்குப் பணம் தந்தது எடைக்குறைப்பு ஊசி தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம். மருத்துவரைத் தேடி மக்கள் போனால் அந்நிறுவனத்துக்கு லாபம் என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். இந்தியாவும் அந்த 11-இல் இல்லை. ஆனாலும் முடிவுகள் யோசிக்க வைக்கின்றன. எடை ஒரு தொல்லையாகத் தொடங்கியதற்கும் அதைப் பற்றி முதன்முதலாக ஒரு மருத்துவரிடம் பேசியதற்கும் இடையில் சராசரியாக ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. இவர்களுக்கு எடை குறைப்பதில் நாட்டமில்லை என்று நினைத்த மருத்துவத் துறையினர் 71 விழுக்காடு. தமக்கு நாட்டமில்லை என்று சொன்னவர்கள் 7 விழுக்காடுதான். மருத்துவரே பேச்சை எடுக்கட்டும் என்று 68 விழுக்காட்டினர் விரும்பினார்கள். பேசியதால் மனம் புண்பட்டது என்றவர்கள் 3 விழுக்காடு.

நம் ஊரில் இந்தத் தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நாஞ்சில் நாட்டில் நாலு மாதம் கழித்துப் பார்க்கிற உறவுக்காரர் முதலில் கேட்பதே உடம்பைப் பற்றித்தான். “என்ன மக்கா, மெலிஞ்சு போயிட்ட, சுகமில்லையா?” காசநோயும் பஞ்சமும் பார்த்த தலைமுறைக்கு மெலிவுதான் பயம், சதை பிடித்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அதே வாய்தான் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணிடம் “கொஞ்சம் குறைக்கப்பிடாதா?” என்றும் கேட்கிறது. இப்படிச் சபையில் வைத்து எடை பேசிப் பழகிய ஊரில், மருத்துவமனையில் எடை பேசினாலும் காதில் விழுவது அந்தப் பழைய கேலிதான். எடை பார்க்கும் இயந்திரம் வரிசைக்கு நடுவே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதைத் தவிர்க்கவே சிலர் ‘நாளைக்கு வாறேன்’ என்று திரும்பிவிடுவார்கள்.

மருத்துவர் பேசாத இடத்தில் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கூத்துபறம்பைச் சேர்ந்த 18 வயதுப் பெண், இணையத்தில் பார்த்த உணவுக் கட்டுப்பாட்டை மாதக்கணக்கில் பின்பற்றி, உணவே ஏற்காத நிலைக்குப் போய் இறந்தார். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி, யூடியூப் காணொலியைப் பார்த்து நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரிழந்தார். இந்த இரண்டு பெண்களும் எடையைப் பற்றி யோசிக்காமல் இருந்தவர்கள் இல்லை. நாள் முழுக்க அதையே யோசித்தவர்கள். அந்த யோசனை ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு பள்ளிச் சுகாதார ஊழியர் என யார் காதையாவது எட்டுவதற்கு முன் செல்பேசித் திரை பதில் சொல்லிவிட்டது.

பேசினாலும், பேசுகிற ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 45, உயரம் 155 செ.மீ., எடை 62 கிலோ. பி.எம்.ஐ. 25.8 வருகிறது, இந்திய எல்லைப்படி உடல்பருமன். விடியும் முன்னே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறவர். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வருகிறவர். அவரிடம் “தினம் அரை மணி நேரம் நடங்க” என்று சொன்னால் என்ன நினைப்பார்? இந்த டாக்டருக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நினைப்பார். அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் நகரத்தாருக்கு அது நல்லது. இவருக்கு வேண்டிய பேச்சு வேறு.

அவரிடம் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். மூன்று மணிக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்? வெறும் வயிற்றில் எத்தனை சாயா, ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி? இரண்டு கரண்டி வீதம் நாலு சாயா என்றால் சீனியில் மட்டும் 160 கலோரி. பதினொரு மணிக்குப் பசியோடு வந்து உட்காரும்போது தட்டில் என்ன இருக்கிறது? மழைக்காலத்தில் வெட்டு நின்று கூலி குறையும்போது மீனும் முட்டையும் நின்று, ரேஷன் அரிசியும் கிழங்கும் மட்டும் மிஞ்சுகின்றனவா? வீட்டுக்காரர் ராத்திரி குடித்துவிட்டு வந்தால் இவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? அந்த வீட்டுக்காரரிடமும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. ஒரு குவார்ட்டரில் சாராயத்திலிருந்து மட்டும் 400 கலோரிக்கு மேல் உடம்பில் சேர்கிறது, சைடிஷ் தனி. ஆண்களின் தொந்தியைப் பற்றி ஊரில் சிரிப்பு உண்டு, மருத்துவமனையில் பேச்சு குறைவு.

உணவு பற்றிய அறிவுரையும் இப்படித்தான் ஊர் மாறி வந்துவிடுகிறது. ஓட்ஸ், சப்பாத்தி, சாலட் என்று அச்சடித்த தாளை மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கைத் தின்னும் வீட்டில் கொடுத்தால் அது எங்கே போகும்? கிழங்கு இந்த மண்ணில் வெறும் தீனி இல்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு மருந்தாக மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது அதுதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அப்படி உயிர் காத்த உணவை “அதைத் தொடாதீங்க” என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால், தாத்தா பாட்டியையே குறை சொன்னதுபோல் ஆகிவிடும். உள்ளதைச் சொல்லலாம்: நூறு கிராம் கிழங்கில் ஏறக்குறைய 160 கலோரி இருக்கிறது, புரதம் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. ஆகவே தட்டில் கிழங்கின் பங்கைக் குறைத்து, கூட வைக்கும் சாளை மீனையும் பயறையும் கூட்டலாம். கிழங்கும் சோறும் ஒரே வேளையில் வேண்டாம் என்று சொல்லலாம். சாயாக்கடை ரசவடையும் பழம்பொரியும் தினமா, வாரம் ஒருநாளா என்று கேட்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தைச் சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டால், எத்தனை, எப்போது, எதற்குப் பதிலாக என்று பேசத் தொடங்கலாம். சோற்றுக்குப் பதில் அதே அளவு சப்பாத்தி சாப்பிட்டால் கலோரி பெரிதாகக் குறையாது என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். இரவு சப்பாத்தி சாப்பிடுவதையே வைத்தியமாக நம்பும் வீடுகள் தமிழ்நாடெங்கும் உள்ளன.

தட்டைப் பற்றி நோயாளியோடு பேசுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், மலையை விட்டுவிட்டு நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். தென் திருவிதாங்கூரில் சிறுகுடல் புண் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டு, நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன், அரிசியும் மரச்சீனியும் மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். கால்வாசிக்கும் மேற்பட்ட எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. உணவுதான் குற்றவாளி என்று அன்று தோன்றியது. பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் புண் வந்தவரிடம் காரம் தின்றாய், கவலைப்பட்டாய், வேளைக்குச் சாப்பிடவில்லை என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் காரணம் என்பதைக் கண்டறியும் பாதையைத் திறந்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உணவின் பங்கு இல்லை என்று ஆகிவிடவில்லை. ஆனால் நோயாளியின் பழக்கத்தையே முழுக் காரணமாக்கி அவரைக் குறை சொன்னது தவறு என்று தெரிந்தது.

எடை விஷயத்தில் மருத்துவம் அதே தவற்றைத் திரும்பச் செய்யும் ஆபத்து இருக்கிறது. எடை குறைத்தவர் மறுபடி ஏற்றிக்கொண்டால் “வாயைக் கட்டல” என்பது நம் முதல் தீர்ப்பு. 2011-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களின் உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே கூடுதலாகப் பசித்தது. அமெரிக்காவின் ‘பிக்கெஸ்ட் லூசர்’ தொலைக்காட்சிப் போட்டியில் பெருமளவு எடை இழந்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, ஓய்வில் அவர்கள் உடல் எரிக்கும் சக்தி நாளொன்றுக்கு எதிர்பார்த்ததைவிடச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடலே போராடுகிறது. மரபணு, தைராய்டு, பி.சி.ஓ.டி., பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று பலவும் இதில் கலந்திருக்கின்றன. மருந்தும் உண்டு. சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடும் இன்சுலினும் எடை கூட்டக்கூடியவை, மெட்ஃபார்மின் அப்படியில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நாள்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டும், சில மனநல மருந்துகளும் எடை கூட்டும். மாத்திரை தொடங்கிய பின் நாலு கிலோ கூடியவரிடம் இதைச் சொல்லாமல் வாயைக் கட்டச் சொன்னால், ஒன்று தன்னையே வெறுப்பார், அல்லது யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவார். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

எடை இயந்திரத்தின் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆறு மாதம் சீனியைக் குறைத்து, முறையாகச் சாப்பிட்டு, அரைக் கிலோகூடக் குறையாமல் வருகிறவரிடம் “ஒண்ணும் குறையலியே” என்று உதட்டைப் பிதுக்குவது, அவர் பெற்ற பலனையே பறிப்பதாகும்.

சரி, இரண்டு நிமிடத்தில் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? வெளியே நூறு பேர் நிற்கும்போது ஒருவரிடம் சாயாக் கணக்கு கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று அரசு மருத்துவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பிரிட்டனில் ஒரு விடை கிடைத்தது. ஆக்ஸ்போர்டின் பால் அவெயார்டும் அவர் குழுவும் 137 மருத்துவர்களிடம், வேறு நோய்க்காக வந்த 1,882 பேரிடம் முப்பது விநாடி மட்டும் எடை பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம், எடை குறைந்தால் உங்களுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்கள். மறு பகுதியினரை 12 வார இலவச எடைக்குறைப்பு வகுப்புக்கு அனுப்பி, அங்கே பெயர் பதிவாகிறதா என்பதையும் கவனித்துக்கொண்டார்கள். ஓராண்டில் முதல் பகுதியினர் சராசரியாக 1.04 கிலோவும், வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்கள் 2.43 கிலோவும் குறைந்திருந்தார்கள். 2016-இல் ‘லான்செட்’ இதழில் வந்த இந்த முடிவில் இன்னொரு எண்ணும் உண்டு: பேச்சு பொருத்தமற்றது, பயனற்றது என்று நினைத்தவர்கள் 1,882 பேரில் நாலே பேர்.

அதே பரிசோதனையில் பதிவான உரையாடல்களில் 246-ஐ எடுத்து வார்த்தை வார்த்தையாக ஆராய்ந்தவர்கள் 2023-இல் இன்னொன்று கண்டார்கள். உங்கள் எடை ஒரு பிரச்சினை என்று தொடங்கியவர்களைவிட, உங்களுக்கு உதவும் ஒரு வழி இருக்கிறது என்று நல்ல சேதியாகத் தொடங்கிய மருத்துவர்களின் நோயாளிகள் அதிகம் பேர் வகுப்புக்குப் போனார்கள், ஓராண்டில் எடையும் கூடுதலாகக் குறைந்தார்கள். தொனி மட்டுமே இதைச் செய்தது என்று அந்த ஆய்வை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் தொனிக்குச் செலவு கிடையாது. முயன்று பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

முப்பது விநாடி பலித்ததற்குக் காரணம், அதற்குப் பின்னால் போய்ச் சேர ஓர் இடம் இருந்ததுதான். நம்மிடம் அந்த இடம் எது? 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றாநோய் விருது இதற்குக் கிடைத்தது. கதவைத் தட்டும் அந்தப் பெண் ஊர்க்காரி. “எக்கா” என்று கூப்பிட்டு அடுக்களை வரைக்கும் போகக்கூடியவர். கிழங்கு வெந்துகொண்டிருப்பதையும் எண்ணெய் டின்னின் அளவையும் கண்ணால் பார்க்கிறவர். மருத்துவரின் மேசைக்கு வராத செய்தியெல்லாம் அவர் கண்முன் இருக்கிறது. தேசியத் தொற்றாநோய்த் திட்டம் 30 வயதைத் தாண்டியவர்களுக்காக வைத்திருக்கும் வீட்டு ஆய்வுப் படிவத்தில் வயிற்றுச் சுற்றளவுக்கு ஒரு கட்டமும் மதிப்பெண்ணும் ஏற்கெனவே உண்டு. அளவு எடுத்துக் கட்டத்தை நிரப்பிய பின் என்ன பேசுவது என்பதுதான் படிவத்தில் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்க நாலு ஏற்பாடுகள் போதும். ஒன்று, தன்னார்வலருக்கும் செவிலியருக்கும் எடை பற்றிப் பேச ஒருநாள் பயிற்சி. கனடாவில் வகுத்த முறையில் முதல் படியே அனுமதி கேட்பதுதான்: “எக்கா, உங்க வெயிட்டைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?” வேண்டாம் என்றால் அடுத்த முறை வரலாம். அக்கம்பக்கம் கேட்கும் திண்ணையில் அளவைச் சொல்லக் கூடாது என்பதும் பயிற்சியில் இருக்க வேண்டும். ஊர்க்காரி என்பதே அவர் பலம், பலவீனமும் அதுவே. இரண்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடை இயந்திரத்தைத் திரைக்குப் பின்னால் வைப்பது. மூன்று, மாதம் ஒருநாள் மதியம், கூட்டம் குறைந்த நேரத்தில், பால்வெட்டு முடிந்து வருவோருக்குத் தோதாக ஒரு குழுச் சந்திப்பு. அங்கே அந்த ஊர்த் தட்டை வைத்தே பேச்சு. நாலு, மருத்துவரின் சீட்டில் ஒரு வரி: எடை கூட்டும் மருந்து ஏதாவது இருக்கிறதா, மாற்ற முடியுமா.

நோயாளி தரப்பிலும் கேள்விகள் வர வேண்டும். என் உயரத்துக்கு எவ்வளவு எடை இருக்கலாம்? முதலில் எத்தனை கிலோ குறைத்தால் எனக்குப் பலன் தெரியும்? நான் விழுங்கும் மாத்திரையில் எடை கூட்டுவது எது? தைராய்டு பார்க்க வேண்டுமா? 62 கிலோ உள்ள நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஐந்து விழுக்காடு என்பது மூன்று கிலோதான். அந்த அளவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவத் தொடங்கும் என்று தெரிந்தால், முப்பது வயதில் இருந்த உடம்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற மலைப்பு போய்விடும். வீட்டிலேயே பார்க்கவும் வழி உண்டு. உயரத்துக்குச் சரியாக ஒரு நூலை அளந்து, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்க்கலாம். நுனிகள் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் பரிந்துரைத்ததன் எளிய வடிவம் இது.

புது ஊசிகள் வந்துவிட்டனவே, இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாகுளூடைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், மலிவான வடிவங்களுக்கும் வழி திறக்கிறது. அவை பலருக்கு உண்மையான உதவி. ஆனால் யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது, நிறுத்தினால் எடை திரும்புமே, தசை கரையாமல் புரதம் எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சு இல்லாமல் அந்த ஊசி கடைக்கு வந்தால், நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் விற்ற கதைதான் விலை கூடி நடக்கும். அறுவை சிகிச்சையும் அப்படியே. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையின்போது புதுச்சேரி இளைஞர் இறந்த பிறகுதான், எந்த மருத்துவமனைக்கு என்ன வசதி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே பலருக்கு உறைத்தது.

மேலே சொன்ன நாலு ஏற்பாடுகளை மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறை வட்டாரத்தில் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், காணிக்குடியிருப்புகள், கடைத்தெரு என மூன்று வகை மக்களும் இங்கே ஒரே சுகாதார வட்டாரத்தில் கிடைக்கிறார்கள். இங்கே பலித்தது வேறு எங்கும் பலிக்க வாய்ப்புண்டு. முதல் ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்க வேண்டாம். எத்தனை பேரிடம் அனுமதி கேட்டுப் பேசினார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை தாமாக வந்தார்கள், எத்தனை பேருக்கு மாத்திரை மாற்றப்பட்டது என்ற நாலு எண்களை மட்டும் மாவட்டச் சுகாதாரத் துறை எழுதி வைக்கட்டும். கிலோக் கணக்கை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.